ஸ்பேனர் சுற்றுகிறது, போல்ட் கழலவில்லை

கடலூர் முதுநகரில் ஒரு சின்னப் பட்டறை. என் பதினோரு வயதுக் கார் ஸ்டாண்டு மேல் ஏறி நிற்கிறது. முன்பக்க வலது சக்கரம் கழன்று ஓரமாகக் கிடக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கேட்ட 'டொக் டொக்' சத்தத்துக்கு சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ்தான் காரணம் என்று, ஒரு கம்பியை விட்டு நெம்பிப் பார்த்ததுமே மெக்கானிக் அண்ணன் சொல்லிவிட்டார். காலையில் விட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் முடிய வேண்டிய வேலை. மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் முடிந்தது.

எல்லாம் ஒரே ஒரு போல்ட்டால். ஸ்பேனரில் நீளமாக ஒரு பைப்பைச் செருகி அவர் இழுத்தால் போல்ட்டின் தலை கால் சுற்றுத் திரும்புகிறது. கையை விட்டால் மெதுவாகப் பழைய இடத்துக்கே வந்து நின்றுகொள்கிறது. மறுபடி இழுத்தால் மறுபடி அதே கதை.

“பாத்தீங்களா சார், ரப்பரு மாதிரி இழுக்குது. மரையில புடிக்கல. உள்ள குழாயில புடிச்சிருக்கு. இது ஸ்பேனருக்கு அடங்காது.”

அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொண்டால் கடற்கரை ஊர்க் கார்களின் அடியில் நடப்பதில் பாதி புரிந்துவிடும். புஷ் என்பது வெறும் ரப்பர் உருளை இல்லை. வெளியே ஒரு இரும்பு வளையம், நடுவில் ரப்பர், ரப்பருக்குள் ஒட்டவைத்த ஒரு சின்ன இரும்புக் குழாய். போல்ட் அந்தக் குழாய்க்குள் நுழைந்து மறுபக்கம் போய், காரின் அடிச்சட்டத்தில் வெல்டிங் செய்து வைத்திருக்கும் நட்டில் இறங்குகிறது. போல்ட்டுக்கும் குழாய்க்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். கை நுழையாத அந்த இடத்தில் தண்ணீர் தாராளமாக நுழையும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத் தானாக ஏறிக்கொள்ளும். ஏறிய நீர் காய வழியில்லை. உள்ளே இரும்பு துருவாகிறது. துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். இடைவெளியே இல்லாத இடத்தில் அது எங்கே போகும்? போல்ட்டையும் குழாயையும் ஆப்பு அடித்தாற்போல இறுக்கிவிடுகிறது. போல்ட் திரும்பினால் குழாயும் சேர்ந்து திரும்புகிறது, குழாயோடு ஒட்டிய ரப்பர் முறுக்கிக்கொள்கிறது, விட்டால் திருப்பித் தள்ளுகிறது.

மரையில், அதாவது போல்ட்டும் நட்டும் கோத்துக்கொள்ளும் திருகுப் புரியில் பிடித்த போல்ட் இப்படி நடந்துகொள்ளாது. கல் மாதிரி நிற்கும், அல்லது 'கிரீச்' என்று கத்திக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக வரும். எங்கே பிடித்திருக்கிறது என்று தெரியாமல் நீள பைப்பைப் போட்டு மல்லுக்கட்டினால் போல்ட் முறியும். அல்லது அதைவிட மோசமாக, உள்ளே இருக்கும் வெல்டிங் நட்டு பிய்த்துக்கொண்டு சட்டத்துக்குள்ளேயே சுற்ற ஆரம்பிக்கும். அப்புறம் சட்டத்தை ஜன்னல் மாதிரி வெட்டித் திறந்து, புது நட்டு வைத்து, மறுபடி வெல்டிங் செய்து மூட வேண்டும். சில நூறு ரூபாய் போல்ட்டுக்காகச் சட்டத்தில் கை வைக்கிற நிலை.

சரி, இந்த ஊரில் மட்டும் ஏன் இவ்வளவு? உப்பு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் உப்பு என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். துருப்பிடிப்பது என்பது அடிப்படையில் ஒரு குட்டி பேட்டரி வேலை. இரும்பின் ஓரிடம் கரைகிறது, பக்கத்தில் இன்னோரிடத்தில் ஆக்சிஜன் அதன் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது, நடுவில் நீர் மின்சாரத்தைக் கடத்துகிறது. சுத்தமான நீர் மோசமான கடத்தி. உப்புக் கலந்த நீர் நல்ல கடத்தி. இரும்பின் மேல் இயல்பாக உருவாகும் மெல்லிய காப்புப் படலத்தையும் உப்பில் உள்ள குளோரைடு ஓட்டை போட்டுவிடும். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். அதில் அவ்வளவாகச் சொல்லாத ஒன்று உண்டு: உப்பு காயவே விடாது.

மழைக்காலத்தில் வீட்டு உப்பு ஜாடி நீர் விட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருக்கிறது. அதற்கு 33 சதவீத ஈரமே போதும். கடலூரிலும் புதுச்சேரியிலும் ராத்திரி ஆனால் ஈரப்பதம் எங்கே இருக்கும் என்பது துணி காயப்போடும் யாருக்கும் தெரியும். அதாவது மழையே பெய்யாத சித்திரை மாதத்திலும், உங்கள் காரின் அடிப்பாகம் ஒவ்வொரு ராத்திரியும் நனைகிறது, பகலில் பாதி காய்கிறது, மறுபடி நனைகிறது. நனைந்து காய்ந்து நனைவதுதான் இரும்புக்கு ஆகவே ஆகாத விஷயம். ஈசிஆர் என்னும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி ஒரு பாத்தி உங்கள் காருக்கடியிலும் இருக்கிறது, வாருவதற்குத்தான் ஆள் இல்லை.

அலை உடையும் இடத்திலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள்தான் உப்பு அதிகமாகப் படியும். உள்ளே போகப் போக மளமளவென்று குறையும். ஒரே வருடத்தில் வாங்கிய இரண்டு கார்கள், ஒன்று கடலோரத் தேவனாம்பட்டினத்தில், இன்னொன்று உள்ளே தள்ளியிருக்கும் பண்ருட்டியில் என்றால், அடியில் படுத்துப் பார்க்கிறவருக்கு அவை ஒரே வயது என்று தோன்றாது. புதுச்சேரிப் பதிவு வண்டிக்கு வரி குறைவு என்று கேள்விப்பட்டுப் பழைய கார் வாங்க வரும் வெளியூர்க்காரர்கள் பெயின்ட்டையும் கிலோமீட்டரையும்தான் பார்க்கிறார்கள். ஒரு பழைய சாக்கை விரித்துப் படுத்து லோயர் ஆர்மையும் பின் ஆக்சிலையும் பார்த்தால் பேரம் பேசும் தொனியே மாறிவிடும்.

மழையால்தான் கார் துருப்பிடிக்கிறது என்று நம்புகிறோம். கடலோரத்தில் அது பாதிதான் உண்மை. திறந்தவெளியில் இரும்புத் தகட்டை வைத்துவிட்டு, குறிப்பிட்ட காலம் கழித்து அதன் எடை எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பது அரிப்பு ஆராய்ச்சியின் பழைய முறை. காரைக்குடியில் 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு, கடலோர அரிப்பைக் கவனிக்கவென்றே மண்டபத்தில் ஒரு சோதனை நிலையம் உண்டு. கடற்காற்று வீசும் இடங்களில் இப்படித் தகடு வைத்துப் பார்த்தவர்களுக்குப் பழக்கமான ஒரு விஷயம், மழை நேரடியாகப் படும் மேல்பக்கத்தைவிட மழை படாத அடிப்பக்கம் அதிகமாக அரிப்பதுதான். மேல்பக்கத்து உப்பை மழை கழுவிவிடுகிறது. அடிப்பக்கத்தில் படிந்தது அங்கேயே இருக்கிறது. காரின் அடிப்பாகம் முழுக்கவே மழை படாத பக்கம். ஐப்பசியில் ஒரு அடைமழை கார் கூரைக்குச் செய்யும் உபகாரம் லோயர் ஆர்முக்குக் கிடைப்பதில்லை. அதற்குக் கிடைப்பது சக்கரம் வாரியடிக்கும் சேறு.

வெள்ளத்தில் நின்ற கார்களின் கதை வேறு. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தபோது ரெயின்போ நகர் மாதிரித் தாழ்வான இடங்களில் தண்ணீர் கட்டி நின்றது. அந்தத் தண்ணீர் பெரும்பாலும் மழைநீர்தான், கடல்நீர் அளவுக்கு உப்பு இல்லை. வம்பு செய்தது வண்டல். சட்டத்தின் பொந்துகளிலும் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்திலும் போய் உட்கார்ந்த சேறு, ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். காயில் ஸ்பிரிங் முறிந்தால் பெரும்பாலும் அடிச் சுற்றில்தான் முறியும். கல் பட்டுப் பெயின்ட் உரிந்த இடத்தில் துரு ஒரு குட்டிப் பள்ளம் தோண்டும். ஒவ்வொரு குலுக்கலிலும் விரிசல் அங்கிருந்து நீளும். ஒரு நாள் வேகத்தடையில் 'டங்'.

பட்டறைக்குத் திரும்புவோம். அண்ணன் முதலில் செய்தது, ஒன்றும் செய்யாமல் இருந்தது. வயர் பிரஷ்ஷால் போல்ட் தலையையும் இடுக்கையும் தேய்த்தார், ஊடுருவும் எண்ணெயை அடித்தார், டீ குடிக்கப் போய்விட்டார். வந்து மறுபடி அடித்தார், சுத்தியலால் தலையில் நாலு தட்டு தட்டினார், அடுத்த வண்டியைப் பார்க்கப் போனார். சாயங்காலம் வரை இப்படியே. சோம்பேறித்தனம் போலத் தெரியும், ஆனால் இதுதான் சரியான முறை. எண்ணெய் துருவைக் கரைப்பதில்லை. துருவின் நுண்ணிய துளைகள் வழியே ஊர்ந்து போய் வழுக்க வைக்கிறது, அவ்வளவே. ஊர்வதற்கு நேரம் வேண்டும். தட்டும்போது துருவில் மயிரிழை விரிசல்கள் விழுகின்றன, எண்ணெய் அதில் இறங்குகிறது. 1953-ல் அமெரிக்காவில் டபிள்யூடி-40 என்ற ஸ்பிரே எண்ணெயை உருவாக்கியது இறுகிய நட்டைக் கழற்ற அல்ல, ராக்கெட்டின் உலோகத் தோலில் ஈரம் தங்காமல் விரட்ட. பெயரிலேயே அது இருக்கிறது: நீரை விரட்டும் கலவை, நாற்பதாவது முயற்சி. லேசான துருவுக்கு அது போதும். எங்கள் பக்கத்துப் போல்ட்டுகளுக்கு, ஊடுருவுவதற்கென்றே விற்கும் எண்ணெய் மேல். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளுக்கென்று ஏடிஎஃப் என்ற பெயரில் விற்கும் ஆயிலையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து ஊற்றுகிற மெக்கானிக்குகள் உண்டு. வேலை செய்யும், ஆனால் அசிட்டோன் பட்டென்று தீப்பிடிக்கும், பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் தின்னும். அதை ஊற்றிய இடத்தில் அப்புறம் நெருப்புக் காட்டக் கூடாது.

கழற்றும் கைக்கும் ஒரு பழக்கம் வேண்டும். முதலில் ஒரு துளி இறுக்கும் பக்கம் திருப்ப வேண்டும். துருவின் பிடி உடைந்ததென்றால் கழற்றும் பக்கம் கால் சுற்று, திரும்ப அரைக்கால் சுற்று உள்ளே, எண்ணெய், மறுபடி வெளியே. ஒரே மூச்சில் வெளியே இழுத்தால் உரிந்த துரு மரைக்குள் திரண்டு மறுபடி அடைத்துக்கொள்ளும். பன்னிரண்டு முனை சாக்கெட்டைவிட ஆறு முனை சாக்கெட் நல்லது, போல்ட் தலையின் மூலைகளை மழுக்காது. ரேட்டில் கன் என்று சொல்லும் காற்றுத் துப்பாக்கி பல நேரம் ஜெயிப்பதற்குக் காரணம் அதன் பலம் மட்டும் இல்லை. விடாமல் அது கொடுக்கும் சுத்தியல் அடிதான் துருவை உதிர்க்கிறது. இன்னொன்று: இப்படி முழு உடம்பையும் போட்டு இழுக்கும் வேலையை வெறும் ஜாக்கை நம்பிச் செய்யவே கூடாது. கார் சரிந்து விழுவது இந்த மாதிரி இழுப்பில்தான்.

அடுத்து நெருப்பு. இரும்பின் வெப்பநிலை 300 டிகிரி ஏறினால் 14 மில்லிமீட்டர் துளை சுமார் 0.05 மில்லிமீட்டர் விரியும். மெல்லிய தலைமுடி அளவுதான், ஆனால் துருவின் பிடியை உடைக்க அது போதும். நட்டைச் சூடாக்க வேண்டும், போல்ட்டை அல்ல. போல்ட் சூடானால் அதுவும் சேர்ந்து பருத்து இன்னும் இறுகும். என் காரில் இந்த வித்தை பலிக்காது. சூடாக்க வேண்டிய குழாய் ரப்பருக்குள் இருக்கிறது. எப்படியும் மாற்றப்போகிற புஷ்தானே என்று ரப்பரைக் கொளுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புகை நுரையீரலுக்கு நல்லதில்லை, ஒரு சாண் தூரத்தில் பிரேக் குழாய் வேறு போகிறது. ஷாக் அப்சார்பருக்குப் பக்கத்தில் கேஸ் வெல்டிங் முனையைக் காட்டுவது அதைவிட ஆபத்து. உள்ளே அழுத்தத்தில் எண்ணெயும் வாயுவும் இருக்கின்றன. சிவக்கச் சூடாக்கிய போல்ட் வெளியே வந்தாலும் குப்பைக்குத்தான், அதன் உறுதி போயிருக்கும்.

மறுநாள் காலை வந்து ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அதே ரப்பர் இழுப்பு. “சரி, வெட்டிடலாம்” என்றார். ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவே இருக்கும் சின்ன இடுக்கில் ரம்பத்தை விட்டு, குழாயையும் போல்ட்டையும் சேர்த்து இரண்டு பக்கமும் அறுத்தார். ஆர்ம் கையோடு வந்துவிட்டது. மிச்சமிருந்த மரைத் துண்டு, குழாயின் பிடி போனதும், வெல்டிங் நட்டிலிருந்து இரண்டு தட்டில் சாதுவாகச் சுழன்று வந்தது. அறுத்த துண்டை என்னிடம் கொடுத்தார். குறுக்குவெட்டில் பார்த்தால் போல்ட் எது, குழாய் எது என்று தெரியவில்லை. நடுவில் காப்பி நிறத்தில் ஒரு வளையம். அந்த வளையத்துக்குத்தான் ஒன்றரை நாள்.

எல்லா உறுப்புக்கும் இந்த வைத்தியம் இல்லை. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டும், ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயிண்டும் கூம்பு வடிவத் தண்டால் பிடித்துக்கொள்பவை. அதில் தண்டின் முனையில் அடிக்கக் கூடாது, மரை நசுங்கும். தண்டு நுழைந்திருக்கும் கண்ணின் பக்கவாட்டில் கனமான சுத்தியலால் ஓங்கி ஒரு அடி. எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலை முட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது. கண் ஒரு கணம் நெளியும், கூம்பு விட்டுவிடும். வளைவில் கார் சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் லிங்க் நட்டோடு சண்டை போடுவது நேர விரயம்: புது லிங்க் போடப்போகிறோம் என்றால் கிரைண்டரால் அறுத்துப் போட்டுவிடலாம். ஷாக் அப்சார்பரை, சக்கரம் மாட்டியிருக்கும் நக்கிளோடு சேர்க்கும் இரண்டு போல்ட்டுகளில் தலைக்கடியில் பல் வரிசை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் நட்டை மட்டும்தான் சுற்ற வேண்டும். தலையைச் சுற்றினால் துளை கெட்டுவிடும்.

மாட்டும்போது செய்கிற வேலையில்தான் அடுத்த பத்து வருடம் இருக்கிறது. இதில் பட்டறைக்குப் பட்டறை பழக்கம் மாறும், என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். குழாய்க்குள் போகும் போல்ட்டின் வழவழப்பான உடம்பில் இறுகிப் பிடிக்காமல் காக்கும் ஆன்ட்டி-சீஸ் பசையைத் தாராளமாகப் பூச வேண்டும். மரையில் அப்படிப் பூசக் கூடாது. மரை வழுக்கினால் அதே முறுக்குக்குப் போல்ட் கூடுதலாக இழுபடும். முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சில் போட்ட கணக்கு பொய்யாகிவிடும். பால் ஜாயிண்டின் கூம்பில் ஒரு பொட்டு கிரீஸும் கூடாது, அது காய்ந்த உராய்வில்தான் பிடிக்கிறது. புஷ் போல்ட்டைக் கடைசியாக இறுக்குவது காரின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகு. தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து, சீக்கிரம் கிழிந்துபோகும்.

கடற்கரை ஊர்களில் எல்லோருக்கும் தோன்றும் யோசனை ஒன்று எனக்கும் தோன்றியது: எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். “அண்ணே, எஸ்எஸ் போல்ட் போட்டுட்டா என்ன? துருவே பிடிக்காதே.” அவர் பழைய போல்ட்டின் தலையைத் துடைத்துக் காட்டினார்: 10.9. முதல் எண் அந்த எஃகு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 1,000 நியூட்டன் இழுப்பைத் தாங்கும் என்று சொல்கிறது, இரண்டாவது அதில் 90 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாமல் நிற்கும் என்று. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 எஸ்எஸ் போல்ட் 700 தான். கேட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அது சரி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் இடத்துக்குச் சரியில்லை. கம்பெனி போல்ட்டையே போட்டோம்.

அப்புறம் கழுவுவது. அடிப்பாகத்தை மாதம் ஒருமுறையாவது தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் போதும், ஆனால் எந்தத் தண்ணீர்? கடலோரத்து நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறுவது புதுச்சேரி, கடலூர் இரண்டு பக்கமும் பழகிப்போன பிரச்சினை. போர் தண்ணீர் வாயில் கரித்தால், அதில் காரைக் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதுதான். ஆர்ஓ மிஷினிலிருந்து வெளியேறும் கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் காருக்கு ஊற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: அந்த மிஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் திரண்டு வருகிறது. நகராட்சித் தண்ணீர், இல்லாவிட்டால் மொட்டைமாடியில் பிடித்த மழைநீர்.

முன்பெல்லாம் வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் பழைய ஆயிலையும் டீசலையும் கலந்து அடியில் அடித்து அனுப்புவார்கள். தெரு முழுக்க நாறும், நிலம் கெடும், ரப்பர் புஷ்கள் ஊறி உப்பும். ஆனால் எண்ணெய்ப் படலம் உப்பை இரும்புக்கு எட்டவிடாது என்ற கணக்கு தப்பில்லை. அதே கணக்கை ரப்பருக்கும் மண்ணுக்கும் தொந்தரவு குறைவாகச் செய்பவை மெழுகுப் பூச்சும், ஆட்டு ரோமக் கொழுப்பான லானோலின் பூச்சும். கறுப்புத் தார் மாதிரி கெட்டியாகப் பூசும் அண்டர்பாடி கோட்டிங் புதுக் காருக்குச் சரி. துருப்பிடித்த இரும்பின் மேல் அதைப் பூசினால் வெடிப்பு விட்டு, உள்ளே புகுந்த உப்புநீரை வெளியே விடாமல் பொத்தி வைக்கும். பார்க்கக் கருகருவென்று அழகாக இருக்கும், விரலால் தட்டினால் அடையோடு பெயரும். பழைய காருக்கு முதலில் துருவைச் சுரண்டி, மிச்சத் துருவைக் கெட்டிப் படலமாக மாற்றும் ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவ வேண்டும். அதில் பல வகைகளில் இருப்பது டானின். இரும்போடு சேர்ந்து கறுப்பாக உறைந்துவிடும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வேதியியல்.

போன மாசியில் அதே வலதுபக்கப் பால் ஜாயிண்ட் ஆட்டம் கொடுத்தது. ஆர்மை மறுபடி கழற்ற வேண்டியிருந்தது. அண்ணன் ஸ்பேனரை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார், மிச்சத்தை விரலாலேயே சுற்றி எடுத்தார். போல்ட்டில் பசை கறுத்திருந்தது, காயவில்லை. துணியில் துடைத்து டிரேயில் போட்டுவிட்டு மணியைப் பார்த்தார்.

“சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சிடும் சார், வெயிட் பண்ணுங்க.”

அன்றைக்கு முடிந்தது.